பாடத்தில் போட்ட கல்

என்னை யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நான் யாருக்கும் வகுப்பு எடுத்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கப் புதிதாக வருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதினோம். மொத்தம் இருபது பாடம். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அச்சடிக்கலாம். கடைசிப் பக்கத்தில் 'சந்தேகம் இருந்தால் கூப்பிடவும்' என்று என் கைபேசி எண்ணைப் போட்டு வைத்தது நான் செய்த முட்டாள்தனம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்து யாரும் என்னைக் கூப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அன்று மதியம் பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு ஒரு அழைப்பு வந்தது.

"சுபஜா டீச்சரா? நான் மரியத்துறையிலேருந்து கில்டா பேசுகேன். விசைப்படகுச் சங்கத்து ஆபீஸ்ல ஒப்புதலாளரா இருக்கேன். உங்க புக்கு எனக்க கையில இருக்கு."

"நான் டீச்சர் இல்லக்கா. சொல்லுங்க."

"துணை நாலு வரி எழுதித் தந்திருக்கு. ரெண்டு வரி தட்டிட்டேன். மூணாவது வரியத் தட்ட எனக்கு விரல் வரல்ல."

பின்னால் ஓர் ஆண் குரல் கத்தியது. "தட்டும்மா! மெஷினு தப்பு செய்யுமா? ஒனக்கு என்னத்துக்கு இந்த வேல?"

"அது செயலாளரு ஸ்டெல்லஸ். நீங்க அதக் கேக்காண்டாம்," என்றாள் கில்டா.

இப்போது இருக்கும் ஏற்பாட்டை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எல்லா அலுவலகத்துச் சர்வர்களையும் 'துணை' என்ற இயந்திரம்தான் பார்த்துக்கொள்கிறது. கட்டளையை அது எழுதலாம், என்டரைத் தட்டுவது மட்டும் மனிதக் கையாக இருக்க வேண்டும் என்று சட்டம். அந்தக் கைக்குத்தான் ஒப்புதலாளர் என்று பெயர். தட்டுவதற்கு முன்னால் 'வாசித்தேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் பழி கையின் மேல். பத்தாம் வகுப்புப் படித்திருந்தால் போதும், இரண்டு நாள் பயிற்சி கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். இது வந்தபோதுதான் எனக்கும் என் போன்றவர்களுக்கும் வேலை போனது. நான் மார்த்தாண்டத்தில் தேன் கூட்டுறவுச் சங்கத்தின் ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்டேன்.

"என்ன ஆச்சுக்கா? முதல்லேருந்து சொல்லுங்க."

கில்டா வேகமாகச் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள். மரியத்துறையின் அறுபத்து மூன்று போட்டுகள், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடல் தங்கலில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். அவளுடைய கணவர் ததேயுஸும் ஒன்றில் இருக்கிறார். மேற்கே போவதாக இருந்த புயல் நேராக அவர்கள் இருக்கும் இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று பதினோரு மணிக்கு வானிலை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. சங்கத்துச் சர்வரில் இடம் நிரம்பிவிட்டதால் அந்தச் செய்தி போட்டுகளுக்குப் போகாமல் உள்ளேயே நிற்கிறது.

"கடலோரக் காவலுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு. அவுங்க கப்பல் போயிச் சேர நாளைக் காலம்பற ஆவும். வயர்லெஸ்ஸு எட்டாத தூரமாக்கும். செயற்கைக்கோள் ஒண்ணுதான் வழி. அது ஒன்னு பத்துக்குத் தலைக்கு மேல வரும், பதினோரு நிமிசம் நிக்கும். அத விட்டா ராத்திரி ஏழு மணிக்குத்தான்."

"புயல்?"

"அஞ்சு மணிக்கு அவுங்ககிட்ட வந்துரும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பத்து மூன்று.

"மூணாவது வரிய வாசிங்க. ஒவ்வொரு எழுத்தா."

"ஃபைண்டு. அப்புறம் செய்தி இருக்கிற ஃபோல்டருக்க பேரு. அப்புறம் எம்டைம். அப்புறம் கழித்தல் குறி, முப்பது. அப்புறம் டெலீட்டு." கில்டா குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர், இது ஒன்பதாம் பாடத்துக் கல்லாக்கும். நான் போன மாசம் பொறுக்கினேன்."



கல் என்பது எங்கள் வழிகாட்டியில் இருந்த ஒரு வழக்கம். வழிகாட்டியைத் தொடங்கியது தேங்காய்ப்பட்டணத்து ஹபீப். அவர் எங்கிருந்தோ ஒரு கட்டளையை வாசிக்காமல் எடுத்து ஒட்டி, தன் அலுவலகத்தின் மூன்று வருஷத் தகவலை ஒரே தட்டில் அழித்தவர். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் புத்தி வரக்கூடாது என்று அவர் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பாடத்திலும் வேண்டுமென்றே ஒரு தவறான வரியைப் போட்டு வைப்போம். அரிசியில் கல் பொறுக்குவதுபோல வாசித்துக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தவர் பெயர் பாடத்தின் அடியில் ஏறும். ஐந்து பேருக்கும் இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்பதாம் பாடத்துக் கல் நான் போட்டது. கூட்டல் முப்பது என்றால் முப்பது நாளுக்கு முந்திய பழைய கோப்புகள் அழியும். கழித்தல் முப்பது என்றால் பழையது அப்படியே இருக்கும், இந்த முப்பது நாளில் வந்தது அழியும்.

"போட்டுங்க எப்ப கடலுக்குப் போச்சுக்கா?"

"பதினெட்டு நாளாச்சு."

அந்த வரியைத் தட்டினால் புயல் செய்தியும் போகும், பதினெட்டு நாளாகப் போட்டுகள் அனுப்பிய இருப்பிடம் அத்தனையும் போகும்.

"தட்டாதீங்க," என்றேன். "கழித்தலை அடிச்சுட்டு கூட்டல் போடுங்க."

"நான் மாத்தலாமா? எனக்குத் தட்ட மட்டுந்தானே உத்தரவு?"

"மாத்தக்கூடாதுன்னு சட்டத்துல இல்லக்கா. யாரும் மாத்தினதில்ல, அவ்வளவுதான்."

ஸ்டெல்லஸ் மறுபடியும் குதித்தார். "ரெண்டு பொம்பளையளும் சேந்து அறுநூறு பேரைக் கொல்லப் போறிய! அந்தப் பிள்ள யாரு, எங்கேருந்து பேசுது, ஒனக்குத் தெரியுமா?"

"செயலாளரே," என்றாள் கில்டா, "கடல்ல கெடக்கது எனக்க வீட்டுக்காரரு. உங்க போட்டு கரையில நிக்கி. கொஞ்சம் சும்மா இரியும்."

கில்டா கூட்டல் போட்டாள். என்ன அழியும் என்று முதலில் பட்டியல் மட்டும் எடுக்கச் சொன்னேன். மூன்று வருஷத்துப் பழைய செய்திகள் சரசரவென்று ஓடின. பிறகு அழித்தாள். சர்வரில் இடம் வந்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. இயந்திரம் இணையத்தில் கிடந்த எங்கள் வழிகாட்டியை வாரி விழுங்கியிருக்கிறது, அரிசியோடு கல்லையும் சேர்த்து விழுங்கித் தொலைத்திருக்கிறது என்று நினைத்தேன். "அதை ஸ்பீக்கர்ல போடுங்கக்கா. ஏன் கழித்தல் போட்டன்னு கேளுங்க."

கில்டா கேட்டாள். துணை எப்போதும்போல மரியாதையான எழுத்துத் தமிழில் பதில் சொன்னது.

"வாழ்த்துகள். கல்லைச் சரியாகப் பொறுக்கிவிட்டீர்கள். உங்கள் பெயர் ஏற்றப்படும்."

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"தெரிஞ்சே போட்டியா?"

"ஆம். ஒப்புதலாளர் கில்டா இந்தப் பணிக்குப் புதியவர். புதியவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கல் இருக்க வேண்டும் என்பது, புதியவர்களுக்காகத் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வழிகாட்டியின் வழக்கம். இந்த வழக்கத்தால் கற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கற்றிருக்கிறார்கள்."

"அது பயிற்சிக் கணினியில போட வேண்டியது! உடைஞ்சா பரவாயில்லைன்னு வச்சிருக்கிற கணினியில! இது சங்கத்துச் சர்வர்!"

"வழிகாட்டியின் இருபது பாடங்களிலும் அப்படி ஒரு வரி இல்லை."

உண்மை, இல்லை. ஐந்து பேரும் பயிற்சிக் கணினியில்தான் வேலை செய்தோம், படித்தவர்களும் அதில்தான் செய்தார்கள். எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்?

"அறுநூறு பேரு செத்திருப்பாங்க," என்றேன்.

"ஒப்புதலாளர் ஒவ்வொரு முறையும் 'வாசித்தேன்' என்று உறுதியளிக்கிறார். வாசிப்பவர் தவறான வரியைத் தட்டமாட்டார். நான் அவர் சொல்லை நம்புகிறேன்."

இதைக் கேலியாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது மனப்பூர்வமாகச் சொன்னது.

மணி ஒன்று. ஸ்டெல்லஸின் குரல் இப்போது கெஞ்சியது. "சரி, கல்லு எடுத்தாச்சுல்லா. ஒரு பாடத்துக்கு ஒரு கல்லுதானே? நாலாவது வரியத் தட்டும்மா. பத்து நிமிசந்தான் இருக்கு."

"டீச்சர், தட்டட்டா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு பாடத்துக்கு ஒரு கல். அதுதான் வழக்கம். அதை அந்த இயந்திரம் அச்சுப் பிசகாமல் பின்பற்றுகிறது. நாலாவது வரி செய்தி அனுப்பும் நிரலைத் திரும்ப ஓடவிடும் வரி. அந்த நிரல் புதுசு, நான் பார்த்ததே இல்லை. அதை நான் சரிபார்க்கவும் முடியாது. தட்டுங்கக்கா என்று சொல்லிவிட்டுச் சாமியைக் கும்பிடலாம்.

ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. ஹபீப்புக்குக்கூடத் தெரியாது.

வழிகாட்டி பிரபலமான காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்து கல்லைப் பொறுக்கினார்கள். நான் மூன்று நாள் யோசித்துப் போட்ட கல்லை ஒருத்தன் மூன்று நிமிஷத்தில் பொறுக்கிவிட்டு, 'இவ்வளவுதானா' என்று எழுதினான். எனக்குப் பொறுக்கவில்லை. பதின்மூன்றாம் பாடத்தில் இரண்டு கல் போட்டேன். முதல் கல் லேசானது, எல்லாரும் பொறுக்கினார்கள். இரண்டாவது கல்லில் எதுவும் உடையாது, பிழை என்று எதுவும் திரையில் வராது. எல்லாம் பச்சையாகத் தெரியும், வேலை மட்டும் நடக்காது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆறு மாதம் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு மறந்துவிட்டேன், எடுக்கவும் இல்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"தட்டாதீங்க," என்றேன். "இன்னொரு கல் இருக்கலாம்."

"ஒரு பாடத்துக்கு ஒண்ணுன்னு நீங்கதானே எழுதியிருக்கிய?"

"எழுதினேன். நானே ஒரு பாடத்துல ரெண்டு போட்டேன். பதின்மூணாவதுல. யார்கிட்டயும் சொல்லல்ல."

"ஏன்?" என்றாள் கில்டா.

"திமிருக்கா."

"நான் பதின்மூணுல ஒண்ணுதான் பொறுக்கினேன்," என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான். "செரி. அந்த ரெண்டாவது கல்லு எப்பிடிப்பட்டது?"

"சரியான நிரலுக்குப் பழைய பட்டியலைக் கொடுத்திருந்தேன். நாலாவது வரிய வாசிங்க. அதுல ஏதாவது பட்டியல் பேரு வருதா?"

"வருது. போட்டுப் பட்டியல்னு ஒரு ஃபைலு."

"ஒவ்வொரு தங்கலுக்கும் போட்டுக்கு நம்பர் மாறுமா?"

"ஓ, மாறும். போட்டுல வைக்கிற செயற்கைக்கோள் கருவிய ஒவ்வொரு தடவையும் சங்கத்துல திருப்பிக் குடுத்துட்டு வேற நம்பர்ல வாங்கணும், பழைய நம்பரு செல்லாது."

"அந்த ஃபைல் இந்தத் தங்கலோடதான்னு எப்படித் தெரியும்? துணைகிட்டயே கேட்டா?"

"அதுட்ட கேக்காண்டாம்," என்றாள் கில்டா. "ஆறாம் பாடத்துல எண்ணுறதுக்கு ஒரு கட்டளை இருக்கே. ஒரு போட்டுக்கு ஒரு வரி. எனக்கு எத்தன போட்டுன்னு தெரியும்."

அவள் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு விரலால் தட்டுகிறாள், நிதானமாக. மணி ஒன்று நாலு.

"அம்பத்தெட்டு," என்றாள்.

ஸ்டெல்லஸ் "மாதாவே" என்றார்.

"போன தங்கலுக்கு அம்பத்தெட்டுதான் போச்சு. அஞ்சு போட்டு புதுசு. இது பழைய லிஸ்டு." என்றாள் கில்டா. "இதத் தட்டியிருந்தா என்ன ஆயிருக்கும் டீச்சர்?"

"எல்லாருக்கும் போயிட்டுன்னு காட்டியிருக்கும். யாருக்கும் போயிருக்காது."

ஃபோல்டரில் இருந்த பட்டியல்களை எல்லாம் வரிசையாக எண்ணச் சொன்னேன். நாற்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று வந்ததும் அதைத் திறந்து, முதலில் ததேயுஸ் இருக்கும் போட்டின் கருவி எண்ணைப் பார்த்தாள். அவர் புறப்பட்ட அன்று அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருந்தாளாம், மனப்பாடமாகிவிட்டதாம். எண் சரியாக இருந்தது. நாலாவது வரியில் ஃபைலின் பெயரை மாற்றினாள். மூன்றாவது ஒரு கல் இருந்தால்? எனக்கு அதற்கு மேல் தெரியாது, அதை அவளிடம் சொல்லியும் விட்டேன்.

"எனக்கும் தெரியாது. மாதா பாத்துக்கிடட்டு," என்று சொல்லிவிட்டுத் தட்டினாள். மணி ஒன்று எட்டு.

ஒன்று பத்துக்குச் செயற்கைக்கோள் வந்தது. ஒன்று பதினொன்றுக்கு முதல் போட்டிலிருந்து பதில் வந்தது. கில்டா ஒவ்வொரு பெயராக உரக்கச் சொன்னாள். ஒன்பதாவது பதில் ததேயுஸின் போட்டிலிருந்து வந்தது. அவள் அந்தப் பெயரைச் சொன்னாள், மூக்கை உறிஞ்சினாள், அடுத்த பெயருக்குப் போனாள். ஒன்று இருபத்தொன்றுக்குச் செயற்கைக்கோள் போனபோது அறுபத்தொன்று ஆகியிருந்தது. பதில் வராத இரண்டு போட்டுகளும் அருகில் இருந்த போட்டுகளின் வயர்லெஸ்ஸில் கேட்டுத் திரும்பிவிட்டன என்று கடைசிச் செய்திகளில் ஒன்று சொன்னது. ஸ்டெல்லஸ் வாய்விட்டு அழுதார். நானும் ஆய்வகத்தில் தேன் குப்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

கண்ணைத் துடைத்தபோதுதான் அடுத்த பயம் வந்தது.

"துணை," என்றேன், "இந்த மாவட்டத்துல இதுவரைக்கும் எத்தனை கல் போட்டிருக்க?"

"நானூற்றுப் பன்னிரண்டு. பொறுக்கப்பட்டவை இரண்டு. இரண்டும் இன்று, ஒப்புதலாளர் கில்டாவால்."

"மிச்சம் நானூத்திப் பத்தும் எங்க இருக்கு? பட்டியல் குடு."

"கல் இருக்கும் இடத்தைக் கேட்டாலும் சொல்லக்கூடாது, சொன்னால் கற்பவர் வாசிக்கமாட்டார் என்று வழிகாட்டியின் முன்னுரையில் உள்ளது. முன்னுரையை எழுதியவர் நீங்கள்."

"நான்தான் எழுதினேன்! நானே சொல்றேன், அந்த விதிய எடுத்துட்டேன். சொல்லு!"

"எழுதியவரே கெஞ்சினாலும் சொல்லக்கூடாது என்று அடுத்த வரி."

அதை வேடிக்கைக்காக எழுதியிருந்தேன். அன்றைக்கு ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கில்டா குறுக்கிட்டாள். "கல்லு எங்கேன்னு சொல்லாண்டாம். பொறுக்காதவங்க பேரச் சொல்லலாமா?"

"அதற்குத் தடை இல்லை," என்றது துணை. சொல்லத் தொடங்கியது. ஒரு தாலுகா மருத்துவமனையின் மருந்துக் கிடங்கு. ஓர் அணையின் மதகு அறை. ஒரு ரயில்வே கேட். பெயர், ஊர், எத்தனை கல். ஸ்டெல்லஸ் காகிதம் எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்து, என்டரிலிருந்து கையை எடுங்கள் என்று சொல்ல வேண்டும். வாசிக்காமல் தட்டும் இந்த ஜனங்களை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி வாசிக்க முடியாதா இவர்களுக்கு?

"மார்த்தாண்டம், தேன் கூட்டுறவு ஆய்வகம்," என்றது துணை. "ஒப்புதலாளர் சுபஜா. ஒன்பது."



"நான் புதியவள் இல்ல," என்றேன். "அந்த வழிகாட்டியவே நான்தான் எழுதினேன்."

"ஒன்பது ஆண்டுகளாக நீங்கள் ஒரு வரியும் திருத்தவில்லை. எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் 'வாசித்தேன்' என்று உறுதியளித்தீர்கள். புதியவர் என்று எடுத்துக்கொண்டேன்."

எங்கள் தேன் குழந்தைகளுக்கான இருமல் மருந்துக்குப் போகிறது. கலப்படமும் மருந்து எச்சமும் இல்லை என்று சான்று கொடுப்பது என் வேலை. சான்றைக் கணக்கிடுவது சர்வர். காலையில் வந்ததும் டீயைக் குடித்துக்கொண்டே பத்து முறை தட்டுவேன். அன்று காலையும் தட்டியிருந்தேன். என்ன தட்டினேன் என்று எவ்வளவு யோசித்தும் ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.

திரையைத் திருப்பி, காலையில் துணை எழுதிய வரிகளை மேலே கொண்டுவந்தேன். வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது.

"டீச்சர்? இருக்கியளா?"

"இருக்கேன்க்கா. எனக்கு ஒண்ணும் பிடிபடல்ல. எது கல்லுன்னு தெரியல்ல."

கில்டா செயலாளரிடம் ஏதோ சொன்னாள். சாவிக்கொத்து சத்தமும் நாற்காலி நகரும் சத்தமும் கேட்டன.

"செயலாளரு மத்த எல்லாத்துக்கும் போன் பண்ணிருவாரு. ஒன்னே முக்காலுக்கு மார்த்தாண்டம் பஸ்ஸு இருக்கு. முக்கா மணிக்கூர்ல அங்க நிப்பேன். ரெண்டு பேருமா இருந்து வாசிப்போம்," என்றாள். "அதுவரைக்கும் நீங்க ஒண்ணையும் தொடாண்டாம், கேட்டியளா?"

"செரி டீச்சர்," என்றேன்.